கோவையைக் கீழிருந்து வாசி

வவுனியாவில் கல்வி வலயங்கள் இரண்டு, தெற்கும் வடக்கும். அவற்றில் ஒன்றின் அலுவலகத்தில், ஆசிரியர் தாபனக் கிளையில், 2022இல் முகாமைத்துவ உதவியாளராகச் சேர்ந்தேன். சம்பள ஏற்றம், பிரசவ விடுமுறை, இடர் கடன், அக்ரஹார காப்புறுதி, ஓய்வூதியம், ஆசிரியர் இல்லாமற் போனால் அவருடைய குடும்பத்துக்கான ஓய்வூதியம் என்று அரசாங்கம் ஓர் ஆசிரியருக்குக் கொடுப்பதெல்லாம் இந்தக் கிளையின் மேசைகளைத் தாண்டித்தான் போகும். இதை எந்த வகுப்பிலும் எவரும் கற்பிப்பதில்லை. எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் கிளையின் மூத்த உத்தியோகத்தர். பணிப்பாளர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் அக்கா. ஓய்வுக்குச் சில காலமே மிச்சம் இருந்ததால் தனக்குத் தெரிந்ததை எல்லாம் என் கையில் ஒப்படைத்துவிடும் அவசரம் அவரிடம் இருந்தது.

"பைலைக் கீழயிருந்து வாசி" என்பதுதான் முதல் பாடம்.

ஆசிரியரின் சுயவிபரக் கோவையில் பழைய தாள் அடியில் கிடக்கும், புதியது மேலே. அடியில் நியமனக் கடிதம். அதன்மேல் கடமையேற்ற கடிதம், பிறப்புச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, நிரந்தரமாக்கிய கடிதம், பிறகு இடமாற்றங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் சிவப்புப் பேனையால் இலக்கம். இலக்கம் ஒன்று தாவினால் தாள் ஒன்று கழன்று போயிருக்கிறது என்று அர்த்தம். புதிதாக வருகிறவர் மேலே கிடக்கும் விண்ணப்பத்தைப் பார்த்தவுடன் பதில் எழுதப் பேனையை எடுப்பார். அக்கா அதற்கு இடம் கொடுக்கமாட்டார். அந்த மனிதர் எப்போது, எந்தப் பாடத்துக்கு, எந்தப் பாடசாலைக்கு வந்தார் என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் இப்போது என்ன கேட்கிறார் என்று பார்க்கலாம்.

இதில் நான் அதிகம் கற்றது திகதிகளைப் பற்றித்தான். ஒரு பாடசாலையிலிருந்து விடுவித்த கடிதத்தில் 14ஆம் திகதி, அடுத்த பாடசாலையில் கடமையேற்ற கடிதத்தில் 17ஆம் திகதி என்று இருந்தால் உடனே பழைய நாட்காட்டியைப் பார்க்கச் சொல்வார். 14 வெள்ளியாகவும் 17 திங்களாகவும் இருந்தால் பரவாயில்லை. நடுவில் ஒரு வேலைநாள் இருந்தால் அந்த நாளுக்கு விடுமுறை விண்ணப்பம் எங்கே? அது இல்லாவிட்டால் முப்பது வருடச் சேவையின் நடுவே விளக்கமில்லாத ஒரு நாள் நிற்கும். கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள ஓய்வூதியத் திணைக்களம் அதைக் கேட்டு எழுதும்போது ஆசிரியருக்கு வயது அறுபது. அன்றைக்கு இருந்த அதிபரும் உயிரோடு இருக்கமாட்டார். இன்றைக்கே கேட்டால் ஒரு தொலைபேசி அழைப்போடு முடிகிற வேலை அது.

பெயரும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, நியமனக் கடிதத்தில் முதலெழுத்துகள் இடம்மாறி. திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரோடு இன்னொன்று. இரண்டு பெயருக்கும் உரியவர் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, சேவையில் இருக்கும்போதே கோவையில் போடவைப்பார் அக்கா. வேறு அலுவலாக வந்த ஆசிரியரையும் பிடித்து இருத்தி இதைச் சொல்லுவார்.

நான் சேர்ந்த ஆண்டு சாதாரண ஆண்டல்ல. 1997இலிருந்து தொடர்ந்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை நாடு முழுவதும் ஆசிரியர்களும் அதிபர்களும் பணிப்புறக்கணிப்பில் இருந்தார்கள். கேட்டதில் ஒரு பகுதி 2022 ஜனவரியில் கிடைத்தது. அதனால் ஒவ்வொருவரின் சம்பளத்தையும் அவரவர் தரத்துக்கும் சேவைக்காலத்துக்கும் ஏற்பப் புதிய படியில் நிறுத்தும் வேலை எங்களுக்கு வந்தது. அது ஓய்வதற்குள், அவ்வாண்டின் தொடக்கத்தில் 65 ஆக உயர்த்திய ஓய்வு வயதை அரசாங்கம் மீண்டும் 60 ஆக்கியது. அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் 2022 டிசெம்பர் 31இல் ஓய்வு பெற வேண்டும். பல மாதங்களுக்கு முன்னரே தொடங்கி ஆறுதலாகச் செய்யவேண்டிய ஓய்வூதியக் கோவைகள் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தன. வேலை பழகுவதற்கு அதைவிட நல்ல காலம் எனக்குக் கிடைத்திருக்காது. ஒழுங்கான கோவைக்கும் ஒழுங்கில்லாத கோவைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மனிதருக்கு எத்தனை மாத வருமானம் என்பதை அப்போது கண்ணால் கண்டேன்.

வன்னியில் வேலை செய்கிறவருக்குத் தெற்கிலுள்ள எழுதுநருக்குத் தேவைப்படாத ஒரு வித்தையும் தெரிய வேண்டும். இல்லாத கோவையை உருவாக்குவது.

முல்லைத்தீவுப் பக்கம் படிப்பித்து, 2009இல் போரில் எல்லாவற்றையும் இழந்து, செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து, பிறகு வவுனியாவிலேயே தங்கிவிட்ட ஆசிரியர்கள் எங்கள் வலயத்தில் இருக்கிறார்கள். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது நியமனக் கடிதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பதுங்குகுழியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தவர்களும் உண்டு. அலுவலகப் பிரதிகளும் பல இடங்களில் அழிந்துபோயின. அப்படி வந்த ஒரு ரீச்சரின் கோவையை அக்காவோடு சேர்ந்து கட்டியதுதான் நான் இந்த வேலையை உண்மையில் கற்ற இடம்.

அவரிடம் இருந்தது அடையாள அட்டையும் ஒரு பழைய வங்கிப் புத்தகமும். அக்கா முதலில் கேட்டது வங்கிப் புத்தகத்தைத்தான். மாதக் கடைசியில் சம்பளம் வரவான பதிவுகள் வரிசையாக இருந்தன. முதல் வரவு எந்த மாதம், தொகை எவ்வளவு, இடையில் எந்த மாதம் தவறியிருக்கிறது என்று என்னை வெள்ளைத் தாளில் எழுதச் சொன்னார். தொகை கூடிய ஒவ்வொரு ஆண்டும் ஒரு சம்பள ஏற்றம். அதிலிருந்து நியமன மாதத்தை ஊகித்தோம். பிறகு அதை உறுதிப்படுத்தத் தேடல். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற ஆண்டுக்கு அங்கே பதிவு கேட்டோம். முதல் பாடசாலை மீளக்குடியமர்ந்து இயங்கியது, ஆனால் சம்பவத்திரட்டுப் புத்தகம் இல்லை. இரண்டாவது பாடசாலையின் புத்தகத்தை ஒரு அதிபர் இடப்பெயர்வின்போது தன்னோடு கொண்டுபோய்க் காப்பாற்றியிருந்தார். அதில் ஒரே ஒரு வரி. இன்ன திகதியில் இன்னார் கடமையேற்றார். அந்தப் பக்கத்தின் உண்மைப் பிரதியை அதிபர் கையொப்பமிட்டு அனுப்பியபோது அக்கா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னிடம் தந்து, "இலக்கம் போடு" என்றார். கூடப் படிப்பித்த இருவரின் சத்தியக்கடதாசி, மாகாணக் கல்வித் திணைக்களத்திலிருந்து கிடைத்த பழைய இடமாற்றப் பட்டியல் ஒன்று, எல்லாம் சேர்ந்து கோவை நிமிர்ந்தது.

தொண்டர் ஆசிரியர்களின் விடயத்தில் இந்த வித்தையும் உதவாது. போர்க்காலத்தில் நியமனம் பெற்ற ஆசிரியர் வரமுடியாத பாடசாலைகளைப் பல இடங்களில் இவர்கள்தான் திறந்துவைத்திருந்தார்கள். ஊதியம் ஒன்றுமில்லை, அல்லது பெயருக்கு ஏதோ ஒன்று. போர் முடிந்து பல ஆண்டுகள் வீதியில் நின்று கேட்ட பிறகுதான் இவர்களில் பலருக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும். சேவை எண்ணப்படுவது நிரந்தர நியமனத் திகதியிலிருந்து. நாற்பத்தைந்து வயதில் நியமனம் பெற்றவருக்கு அறுபதில் பதினைந்து ஆண்டுகள்தான். அதற்கு முன் மரத்தடியில் படிப்பித்த காலம் அவருடைய கோவையில் ஒரு வரியாகவும் இல்லை. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அந்த ஆண்டுகளின் ஒரு பங்கையாவது ஓய்வூதியத்துக்குச் சேர்க்க வேண்டும். அப்படியொரு நாள் வந்தால் ஆதாரம் கேட்பார்கள் என்பதால், அதிபர் கொடுத்த பழைய தொண்டர் சேவைக் கடிதங்களையும் அக்கா கோவையில் போடவைக்கிறார். விதியில் கேட்காத தாள்தான், ஆனாலும் இலக்கம் போட்டு வைத்திருக்கிறோம்.

அக்ரஹார காப்புறுதியை நான் வேகமாகப் பழகினேன். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிற திட்டம் அது. அந்த நிதியம் 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது, ஆனால் தாங்கள் அதில் அங்கத்தவர் என்பதே தெரியாத ஆசிரியர்கள் ஏராளம். சத்திரசிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கோரலாம். வவுனியா பொது வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலையில் படுத்திருந்தவர்கள், "நாங்கள் காசு கட்டேல்லையே, எங்களுக்கு என்னத்தைத் தரப்போறாங்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். தங்கியிருந்த நாட்களுக்கும் ஒரு தொகை உண்டு. வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் காட்டைப் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும், மூலப் பற்றுச்சீட்டுகளை வைத்திருக்க வேண்டும், காலம் தாழ்த்தாமல் அனுப்ப வேண்டும். கல்யாணம் முடித்தவுடன், பிள்ளை பிறந்தவுடன் குடும்ப விபரத்தைப் புதுப்பிக்க வேண்டும். இந்த நாலும் ஒழுங்காக இருந்தால் கோரிக்கை திரும்பி வருவது குறைவு.

பிரசவ விடுமுறையில் 84 நாள் முழுச் சம்பளத்தோடு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்கள் அதில் சேராது. நாட்காட்டியில் நாளைத் தொடர்ந்து எண்ணிப் பார்த்துக் கவலையோடு வரும் இளம் ரீச்சர்மாருக்கு, அரைச் சம்பளத்தில் இன்னும் 84 நாளும், சம்பளமில்லாமல் மேலும் 84 நாளும் எடுக்கலாம் என்று சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கடன்தான் சிரமமான பக்கம். இடர் கடன் பத்து மாதச் சம்பளம் வரை, வட்டி 4.2 வீதம். ஆனால் நான் சேர்ந்தபோது உச்ச எல்லை 250,000 ரூபா. அந்த ஆண்டு செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை அண்டியிருந்தது. சம்பளத்தில் 40 வீதத்துக்கு மேல் கழிக்கக்கூடாது என்ற விதியும் உண்டு. வங்கிக் கடனால் அந்த எல்லையை ஏற்கெனவே தொட்டவருக்கு, தேவை எவ்வளவு உண்மையாக இருந்தாலும், எங்களால் சிபாரிசு செய்யமுடியாது. இதை முகத்துக்கு நேரே சொல்லவும் பழக வேண்டியிருந்தது. அக்கா இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பமாட்டார். எந்தக் கடன் எந்த மாதம் முடிகிறது என்று சம்பளப் பட்டியலைப் பார்த்து, எப்போது திரும்ப வரலாம் என்று சின்னத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்.

விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் பழையது. ஆண் உத்தியோகத்தர்களின் மனைவி பிள்ளைகளுக்காக 1898இல் கட்டளைச் சட்டம் வந்தது. பெண் உத்தியோகத்தர்களின் கணவன் பிள்ளைகளுக்கு அதேபோல் ஒன்று வர 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் வரை ஆனது. சம்பளத்தில் மாதாமாதம் பங்களிப்புக் கழித்து, உத்தியோகத்தர் இறந்த பிறகு குடும்பத்துக்குக் கொடுப்பது. விண்ணப்பத்தில் முதலில் கேட்பது மரணச் சான்றிதழ்.

2009 மேயில் போரின் முடிவில் கணவரை இராணுவத்திடம் கையளித்த ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் ஆசிரியர். காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு வவுனியா நகரில் வீதியோரப் பந்தலில் 2017 பெப்ரவரி தொடங்கி இருக்கும் தாய்மாரோடு இவரும் இருந்திருக்கிறார். பிள்ளை பல்கலைக்கழகம் போகிற வயது. எங்களிடம் கேட்க வந்தது பணம்தான், ஆனால் கதிரையில் இருந்தவுடன் அதைக் கேட்கவில்லை.

"அவர் செத்துப்போனார் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன் அக்கா."

"வைக்க வேண்டாம் தங்கச்சி. நாங்கள் அதைக் கேக்கேல்லை."

அன்று முழுவதும் அக்கா விண்ணப்பப் படிவத்தை மேசைமேல் எடுக்கவில்லை. கணவர் எந்தப் பாடசாலையில் என்ன படிப்பித்தார், கடைசியாக எந்த மாதச் சம்பளம் எடுத்தார், ஓய்வூதியத் திட்டப் பதிவு இலக்கம் ஞாபகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறிப்பெடுத்தார். பிறகுதான் 2016இல் திருத்திய சட்டத்தைப் பற்றிச் சொன்னார். காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம், அதை வைத்துக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். அதைப் பெறுவதால் தேடுவதை நிறுத்தியதாக ஆகாது. காணாமற்போனோர் அலுவலகத்தில் கொடுத்த முறைப்பாடும் அப்படியே இருக்கும். அந்தப் பெண் யோசிக்க வேண்டும் என்று போய்விட்டார். பல மாதம் கழித்துச் சான்றிதழோடு வந்தார். குறிப்புத் தாளில் நான் எழுதிய வரியைப் பார்த்து, "காணாமற்போன ஆசிரியர் எண்டே எல்லா இடத்திலயும் எழுது, வேற சொல்லு ஒண்டும் வரக்கூடாது" என்றார் அக்கா. அந்தக் கோவை கொழும்புக்குப் போய், கேள்விக் கடிதத்தோடு திரும்பி, பதிலோடு மறுபடி போயிருக்கிறது.

அக்கா இப்போது தன்னுடைய ஓய்வூதியப் பத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கும் நானே இலக்கம் போட்டேன். பூந்தோட்டம் கல்வியியற் கல்லூரியில் முடித்துப் புதிதாக நியமனம் பெற்று வருகிறவர்களை அவர் என் மேசைக்கு அனுப்புகிறார். நியமனக் கடிதத்தின் மூலப் பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு எனக்கு உறுதிப்படுத்திய பிரதி தரச் சொல்கிறேன். குடும்ப ஓய்வூதியத் திட்டத்தின் பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்குகிறேன். பெயரை மூன்று ஆவணங்களிலும் ஒத்துப் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் நெடுங்கேணிப் பக்கம் ஆசிரியர்களுக்கு ஒரு நடமாடும் சேவை. தூரத்துப் பாடசாலையிலிருந்து வலய அலுவலகத்துக்கு வர ஒரு நாள் லீவு போகும், பஸ்ஸும் குறைவு. அதனால் பெட்டி பெட்டியாகக் கோவைகளை நாங்கள் கொண்டுபோகிறோம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் பழைய வங்கிப் புத்தகங்கள், சம்பளச் சீட்டுகள், தொண்டர் சேவைக் கடிதங்கள் எது மிஞ்சியிருந்தாலும் எடுத்துவர வேண்டும் என்று அதிபர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது.