சுவரோடு கட்டின அலுமாரி

2025 ஜனவரி 4, சனி

பொங்கலுக்கு முன் வீட்டைச் சுத்தம் பண்ண வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு போதும். குசினி அலுமாரிக்கு என்ன செய்வது என்பதுதான் யோசனை.

எங்கள் தோட்டத்து லயத்துச் சுவர் கருங்கல், நல்ல கனம். அதில் மாடம் மாதிரி இருந்த பள்ளத்துக்குள் அப்பா சட்டம் இறக்கி, தேயிலைக்கு நிழலாக நிற்கிற சவுக்கு மரத்தின் பலகையில் தட்டுப் போட்டார். கதவுகள் டீ பெட்டிப் பலகை. தேயிலையைக் காகிதப் பையில் அனுப்பத் தொடங்கிய காலத்தில் பக்டரியில் கழித்துப்போட்ட பெட்டிகள் அவை. கதவின் உட்பக்கம் கறுப்பு மையில் அடித்த எழுத்து இன்னும் வாசிக்க முடிகிறது. வெளிப்பக்கம் பச்சை எனமல், அதற்கு மேல் நீலம், எல்லாவற்றுக்கும் மேல் மிலாறு விறகு எரித்த புகை.

"அதக் கழட்டி எறிஞ்சிட்டு ஒரு பிளாஸ்டிக் ரெக் வாங்கு புள்ள" என்கிறார் அம்மா. கழற்றினால் சட்டத்தோடு சுவரின் காரையும் வரும். புதிதாகப் பென்ட்ரி அடிக்க மரவேலை பாஸ் கேட்கிற காசு எங்களிடம் இல்லை. அதைவிட, பலகை இன்னும் உறுதியாக இருக்கிறது. நல்ல பலகையை எறிய எனக்கு மனமில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

காலை பஸ்ஸில் ஹட்டன். கடைக்காரரிடம் சோக் பெயின்ட் கேட்டேன். "அப்படி டின்ல வர்றதில்ல மிஸ்" என்றார். வராவிட்டால் பரவாயில்லை. இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்ற பெண் 1990இல் அந்தப் பெயரில் பெயின்ட் விற்க ஆரம்பித்தார். பழைய மரச்சாமானைச் சுரண்டாமல், பிரைமர் அடிக்காமல், நேரே பூசலாம் என்பதுதான் அதன் புகழ். அவருடைய கலவை அவருக்கு. ஆனால் அந்த முறை எமல்ஷனும் வெள்ளைப் பொடியும் உள்ள எந்த ஊரிலும் செய்யக்கூடியது.

நிறம் கலக்கும்போது பிசகி, யாரும் எடுக்காமல் கிடந்த ஒரு லீட்டர் எமல்ஷன் பாதி விலைக்குக் கிடைத்தது. வெளிறிய சாம்பல் பச்சை. கண்ணாடி பதிக்கிற புட்டிக்குச் சேர்ப்பார்களே, அந்தச் சுண்ணப்பொடி கொஞ்சம். பாஸ்மார் பொலிஷ் போட வாங்குகிற ஷெல்லாக் செதில், ஸ்பிரிட், தேன்மெழுகு, டர்பன்டைன். புது எமல்ஷன் என்றால் லீட்டருக்கே ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, மேல் போயிருக்கும். போன செப்டம்பரில்தான் நாள் சம்பளம் 1,350 ரூபாயானது. அம்மா கொழுந்து எடுத்த காலத்துக் கணக்கு இன்னும் என் தலையில் ஓடுகிறது. எதை வாங்கினாலும் இது எத்தனை பேர் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஜனவரி 11, சனி

வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துக் கதவுகளைக் கழுவினேன். வழிந்த தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது. இந்த வேலையை யாரும் புகழ்வதில்லை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் எந்தப் பெயின்டும் பிடிக்காது, சோக் பெயின்டும் சேர்த்துத்தான். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டாம் முறை துடைத்துக் காற்றில் விட்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் சேண்ட் பேப்பரோடு உதவிக்கு வந்தார். வேண்டாமென்று தடுத்துவிட்டேன். பெயின்டில் ஈயத்துக்கு இலங்கையில் வரம்பு வைத்து அமலாக்கியது 2013இல்தான். அதற்கு முந்திய எனமலில் என்ன இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. உலரத் தேய்த்தால் அந்தத் தூசி தரையில் படியும். தரையில் தவழ்கிற பிள்ளை அவர் வீட்டிலேயே இருக்கிறது. ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. சோக் பெயின்டை நான் தேர்ந்ததற்கு விலை ஒரு காரணம். சுரண்ட வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். உரிந்து நின்ற செதில்களை மட்டும் ஈரத்துணியால் நனைத்து எடுத்து, கடதாசியில் சுற்றிக் கட்டினேன்.

அடுப்புப் பக்கக் கதவில் புகைக்கறை பலகைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. அதன்மேல் தண்ணீர்ப் பெயின்ட் அடித்தால் மஞ்சளாக மேலே ஊறி வரும். ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு பூச்சுக் கொடுத்தேன். கறை அதற்குள் அடைபட்டுக்கொள்ளும்.

ஜனவரி 12, ஞாயிறு

மூன்று பங்கு எமல்ஷன், ஒரு பங்கு சுண்ணப்பொடி. பொடியை முதலில் தண்ணீரில் குழைத்துத் துணியில் வடித்தேன். வடிக்காவிட்டால் கட்டி கட்டியாகக் கதவில் ஏறும். சிலர் பொடிக்குப் பதில் பிளாஸ்டர் ஒப் பாரிஸ் சேர்ப்பார்கள். அது வாளியிலேயே இறுகத் தொடங்கும். சுண்ணப்பொடி இறுகாது, மிச்சத்தை மூடி வைக்கலாம்.

அம்மா பொடியை விரலில் தொட்டுப் பார்த்தார். "இது மலைக்குப் போடுற டொலமைட் மாதிரியில்ல இருக்கு?" கவ்வாத்து வெட்டுகிற மலைக்கு மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் போடுவார்கள். அந்த மூட்டைகளைச் சுமந்த கை அவருடையது. அம்மா சொன்னது சரிதான். டொலமைட்டில் மக்னீசியமும் இருக்கும், மற்றபடி இரண்டும் ஒரே குடும்பம். பெயின்ட் கம்பனிகளும் டொலமைட்டை நைசாக அரைத்துச் சேர்ப்பதுண்டு.

"அப்ப சுவருக்குக் கரைச்ச சுண்ணாம்பையே ஊத்தேன்." அது கூடாது. நீற்றின சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்துக் கல்லாகிறது. கருங்கல்லிலும் காரையிலும் அது பிடித்து நிற்கும். எனமல் பூசின மரத்தில் உதிர்ந்துவிடும், எமல்ஷனோடு கலந்தாலும் காரம் அதைக் கெடுக்கும். சுண்ணப்பொடி ஏற்கெனவே அடங்கின பொருள். அதற்குப் பிடிப்பைக் கொடுப்பது எமல்ஷனில் உள்ள பசைதான். சாதாரணப் பெயின்டில் பசை மிகுதி, அதனால் மினுங்கும். இதில் பொடி மிகுதி. உலர்ந்ததும் மேற்பரப்பு நுண்ணிய துளைகளோடு மங்கலாக நிற்கிறது. நல்ல துணியைத் தடவுகிற உணர்வு.

பனி விலகின பிறகு, பத்து மணிக்கு மேல்தான் பிரஷைத் தொட்டேன். குளிர் அதிகமானால் எமல்ஷன் ஒரே படலமாகச் சேராது. இரண்டாம் பூச்சையும் மூன்று மணிக்குள் முடித்தேன். நீலம் முழுக்க மறைந்தது. உட்பக்கத்து எழுத்தின்மேல் பிரஷ் படவிடவில்லை. அது அப்பா தேர்ந்தெடுத்த பலகை, அப்படியே இருக்கட்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கலன்று வந்தவர்களெல்லாம் அலுமாரியைப் பார்த்தார்கள். தம்பி மட்டும் கொழும்பிலிருந்து போனில், "வீடே நம்ம பேர்ல இல்லக்கா. அதுக்குப் போயி ஏன் காசக் கொட்டுற?" என்றான்.

அவன் கேள்வியைச் சும்மா தள்ள முடியாது. 1975இல் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. யார் கைக்குப் போனாலும் லயத்துக் காம்பரா அதில் இருப்பவர் பேருக்கு வரவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் உண்டு. எங்கள் லயத்துக்கு அது இன்னும் வரவில்லை. போகிற நாளில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகலாம், சுவரோடு கட்டின அலுமாரியைத் தூக்க முடியாது.

ஆனால் காணி உறுதி கிடைக்கும்வரை புகைக்கறைக்குள்தான் சீனிப் போத்தலை வைக்க வேண்டுமா? அம்மா இந்தக் குசினியில் ஒரு ஆயுசு சமைத்திருக்கிறார். காணி உறுதியை நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன், விண்ணப்பமும் கையெழுத்தும் விடமாட்டேன். அதற்காக அம்மா திறந்து மூடுகிற கதவு காத்திருக்க வேண்டியதில்லை. தம்பியிடம் இதைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கைப்பிடி வாங்க எவ்வளவு என்று கேட்டான்.

மெழுகு வேலையும் இன்று முடிந்தது. சீவின தேன்மெழுகை மூடின போத்தலில் டர்பன்டைனில் ஊறவைத்திருந்தேன். அடுப்பில் வைத்து உருக்கக் கூடாது, டர்பன்டைன் பற்றிக்கொள்ளும். ஊறி வெண்ணெய் பதத்துக்கு வந்ததும் பழந்துணியால் மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுத்தேன். மெழுகு இல்லாவிட்டால் சோறு வடிக்கிற ஆவியையும் தாளிக்கிற எண்ணெயையும் இந்தப் பெயின்ட் குடித்துவிடும். அடுப்பை ஒட்டின கதவுக்கு மெழுகு தாங்காது, சூட்டில் இளகும். அதற்குத் தண்ணீர் வார்னிஷ்.

பெப்ரவரி 9, ஞாயிறு

மெழுகு இறுகிவிட்டது. நகத்தால் கீறிப் பார்த்தேன், தடம் விழவில்லை. இந்த இடைவெளியில் சவர்க்காரம் போட்டுத் தேய்க்க அம்மாவை விடவில்லை, உலர்ந்த துணி மட்டுந்தான். இனி ஈரத்துணி போடலாம்.

மேல் லயத்து அக்கா தன் வீட்டு அலுமாரிக்கும் செய்து தரச் சொல்கிறார், வெசாக்குக்குக் கிட்ட ஆகட்டும் என்று. அவ்வளவு தள்ள வேண்டாம் என்றேன். பக்கத்து வட்டவளையில் வருசத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, எங்கள் றொசல்லைக்கும் அதில் நல்ல பங்கு வரும். மே மாதம் மழை பிடித்தால் பலகை ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், பெயின்டும் காயாது, மெழுகும் இறுகாது. மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். ஷெல்லாக் மிச்சம் இருக்கிறது, எமல்ஷன் மட்டும் அவர் வாங்கினால் போதும். வருகிற சனிக்கிழமைக்குள் கதவுகளைச் சோடா போட்டுக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.