இடம் மாறிய சிறுநீரகம்

என் மகளுக்கு அப்போது பத்து வயது. ஓராண்டுக் காலமாக அடிவயிற்று வலியால் துன்புற்று வந்தாள். பூச்சித் தொல்லை என்றனர் சிலர். பள்ளிக்குச் செல்ல மனமின்றி நடிக்கிறாள் என்றனர் வேறு சிலர். அவ்வாறு எண்ணியவர்களுள் நானும் ஒருத்தி என்பதை நினைக்கையில் இன்றும் நெஞ்சம் குறுகுகிறது.

ஒருநாள் குளிரும் காய்ச்சலும் கண்டு அவளை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், இடப்புறச் சிறுநீரகம் தனக்குரிய இடத்தில் இல்லாமல் இடுப்புக் குழியில் இருப்பதாகக் கூறினார்.

"கருவுற்றிருந்தபோது நான் ஏதேனும் பிழை செய்துவிட்டேனா, டாக்டர்?" என்று கலங்கினேன்.

"உங்கள் பிழை எதுவும் இல்லை, அம்மா. கருவில் எல்லாருக்கும் சிறுநீரகங்கள் இடுப்பருகில்தான் தோன்றுகின்றன. ஏறத்தாழ 6 முதல் 9 வாரங்களுக்குள் அவை மேலேறி விடுகின்றன. ஆயிரத்தில் ஏறத்தாழ ஒருவருக்கு அந்தப் பயணம் நடுவில் நின்றுவிடுகிறது. அவர்களுள் பலர் அதை அறியாமலே நலமாக வாழ்கின்றனர்."

"அப்படியானால் அதை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிடுங்கள்" என்றேன்.

"நாற்றைப் பிடுங்கி நடுவது போல் அதை நட இயலாது. அதற்கு இரத்தம் தரும் குழாய்கள் அருகிலிருந்தே கிளம்புபவை. இடம் மாறியிருப்பதால் கேடில்லை. சிறுநீர் வெளியேறும் வாயில் குறுகியிருப்பதே வலிக்குக் காரணம்" என்றார் அவர்.

ஒன்று போனாலும் மற்றொன்று போதுமே, எடுத்துவிடலாம் என்றார் என் மாமியார். ஆனால் மேலும் செய்த சோதனையில் அச்சிறுநீரகம் நன்கு உழைப்பது தெரிந்தது. ஆகவே, குறுகிய பகுதியை வெட்டி நீக்கி, அகலமாக இணைப்பதென்று முடிவாயிற்று. ஆண்டர்சன், ஹைன்ஸ் என்னும் மருத்துவர்கள் 1949-இல் வெளியிட்ட முறை அது.

அறுவை சிகிச்சைக்கு முந்திய இரவு மகள் என் கையைப் பற்றிக்கொண்டு, "நான் நடிக்கவில்லை என்று இப்போது நம்புகிறீர்களா, அம்மா?" என்று கேட்டாள். மறுமொழி கூற நா எழவில்லை. அவளை அணைத்துக்கொண்டு அழுதேன்.

சிகிச்சை நலமாக முடிந்தது. உள்ளே வைத்த மெல்லிய குழாயை ஆறு வாரங்களுக்குப் பின் எடுத்தனர். வலி மீண்டும் வரவில்லை.

"பெண் பிள்ளையாயிற்றே, வெளியே சொல்லாதே" என்றனர் உறவினர். நான் உடன்படவில்லை. அதனை அறியாத மருத்துவர் பின்னாளில் கட்டியென்று கருதிக் கத்தி வைத்துவிடக் கூடும். ஆகவே அவளது மருத்துவக் குறிப்பேட்டின் முதற்பக்கத்திலேயே அதை எழுதி வைத்திருக்கிறோம்.

பெற்றோரே, குழந்தை வலிக்கிறது என்று சொன்னால் முதலில் நம்புங்கள்.