உங்களுக்கு எந்த ஊரு?

எங்கள் அடுக்ககத்தின் காவலாளிப் பையன் ஒடிசாக்காரன். தமிழ் பேசத் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள், பாதிக் குடித்தனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டன. வெறிச்சென்று கிடந்த வாசலில் நின்றவன் என்னைப் பார்த்து, “சார், உங்களுக்கு எந்த ஊரு?” என்றான். பையன் எதை முதலில் கற்றிருக்கிறான் பாருங்கள்! சென்னையில் முன்பின் தெரியாத இருவர் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியம் இதுதான். “வேளச்சேரி” என்று சொன்னால் விடமாட்டார்கள். “அது சரி, சொந்த ஊர்?”

“கோவில்பட்டிப் பக்கம்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அங்கே எனக்கு இப்போது மிஞ்சியிருப்பது பங்காளி வழக்கில் கிடக்கும் ஒரு துண்டுக் கரிசல், பாதி பட்டுப்போன ஒரு வேப்பமரம். அவ்வளவுதான். ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பட்டணத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கேட்டால் இன்னும் அந்த வேப்பமரத்தைத்தான் சொல்கிறேன்.

நான் எழும்பூரில் வந்து இறங்கியது 1973-ல். மீட்டர் கேஜ் ரயில், தகரப் பெட்டி, சுருட்டிய ஜமக்காளம். “ஆபீசர்களுக்குக் கொடுத்துப் பழகிக்கொள்” என்று அம்மா கட்டிக்கொடுத்த கடலைமிட்டாய் வேறு இரண்டு கிலோ இருந்தது. ஒரு ஆபீசருக்கும் போய்ச் சேரவில்லை. முதல் சம்பளம் வரும்வரை ராத்திரிச் சாப்பாடே அதுதான். மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் இருக்கிறதே, பதினாலு மாடி, அதற்குப் பக்கத்துச் சந்தில் என் அலுவலகம். கடிதத்தில் ‘பக்கத்தில்’ என்றுதான் எழுதினேன், சத்தியமாக. அப்பா அதைப் படித்துக் காட்டியதில் ‘பக்கத்தில்’ எங்கேயோ விழுந்துவிட்டது. ஒரு வருஷம் கழித்துப் பெரிய மாமா வந்து நின்றார். ரோட்டில் நின்று கழுத்தை அண்ணாந்து, விரல் விட்டு மாடிகளை எண்ணி முடித்துவிட்டு, “இதுல நீ எத்தனாவது மாடிலே?” என்றார். “இன்னைக்கு லிஃப்ட் ரிப்பேர் மாமா” என்று சொல்லி அவரைக் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஜாகை திருவல்லிக்கேணி மேன்ஷன். பெயர்தான் மாளிகை. பத்துக்குப் பத்து அறை, மூன்று கட்டில், ஒரு ஜன்னல், மாடிக்கு ஒரு கழிப்பறை. காலை ஆறு மணிக்கு வாளியோடு வரிசை. எங்கள் அறையில் ஒருவர் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படித்தார். பட்டணம் என்றால் அவருக்கு ஹால் டிக்கெட். அதை எழுதிக் கிழித்ததும் கிளம்பிவிட வேண்டும். பக்கத்து அறையில் ஒருவர் தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கோடம்பாக்கத்துக்கு நடப்பார், நடந்தே திரும்புவார். அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை அவருடையதாகிவிடும். இன்னொரு நாள் சொல்கிறேன்.

மூன்றாவது கட்டில்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீழத்தஞ்சைப் பக்கத்துக்காரர், டைப்பிஸ்ட், என்னைவிட இரண்டு வயசு மூத்தவர். பொங்கலுக்கு, தீபாவளிக்கு என்று மேன்ஷனே காலியாகும்போது அவர் மட்டும் போகமாட்டார். எனக்கு அது பெரிய குற்றமாகப் பட்டது. ஊர்ப்பாசம் இல்லாத மனுஷன் ஒரு மனுஷனா? அப்போதெல்லாம் என்னிடம் அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமே இல்லை.

இன்னொரு வினோதம். மெரீனாவுக்குப் போனால் நாங்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்குவோம். அவர் செருப்போடுதான் நடப்பார். கால் புதையும், மணல் ஏறும், வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடப்பார். ஒருநாள் நான் எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன். “என்னய்யா, வாங்கின காசுக்கு மணலிலேயும் தேய்க்கணுமா?”

அவர் கோபப்படவில்லை. மற்றவர்கள் சுண்டல்காரனிடம் போனபிறகு மெதுவாகச் சொன்னார். “எங்க பக்கம் மேலத்தெருவுல நடக்கணும்னா எங்காளுங்க செருப்பைக் கையில தூக்கிக்கணும். இங்க வந்து ஏழு வருஷம் ஆச்சு. எங்கேயும் கையில தூக்கறதில்லைன்னு வச்சிருக்கேன்.” கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க ஊருக்குப் போறேன்னு சொல்றீங்க. எங்க வீடு ஊருக்குள்ள இல்லீங்க. ஊருக்கு வெளியில.”

அதே கீழத்தஞ்சையில்தான், வெண்மணியில், நாற்பத்து நாலு பேரைக் குடிசையோடு எரித்தது 1968-ல். பேப்பரில் நானும் படித்தவன்தான். படித்ததற்கும் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஆளுக்கும் எனக்கு முடிச்சு விழவில்லை. பட்டணத்தில் யாருக்கும் என் பெயர் தெரியவில்லையே, இன்னார் மகன் என்று கேட்பாரில்லையே என்று நான் ராத்திரியில் ஏங்கிக்கொண்டிருந்தேன். எந்தத் தெரு, யார் மகன் என்று யாரும் கேட்காத அதே பட்டணத்தில் அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது அவருக்கென்று ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் கொண்டுவந்தேன். மன்னிப்பு கேட்கும் வார்த்தை அந்த வயசில் வாயில் வராது.

இப்போது ஆயா. மேன்ஷன் சந்து முனையில் பம்ப் ஸ்டவ் வைத்து இட்லி விற்றவள். இட்லிக்கு வடகறி ஊற்றிச் சாப்பிடலாம் என்பதே எனக்கு அவள் கடையில்தான் தெரியும். புருஷன் ரிக்‌ஷாக்காரர். நான் வந்த வருஷம் அரசாங்கம் கை ரிக்‌ஷாவை ஒழித்ததில், இழுத்துக்கொண்டிருந்தவர் மிதிக்க ஆரம்பித்திருந்தார். வீடு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் ஒரு குடிசை. கடன் கணக்குக்குச் சுவரில் கரிக்கோடு போடுவாள். மாசக் கடைசியில் எங்கள் மேன்ஷன் சுவர் வரிக்குதிரை மாதிரி இருக்கும்.

நான் அவள் முன்னால் குந்தித் தின்றுகொண்டே பட்டணத்தைத் திட்டுவேன். “கூவமும் கொசுவும். இதெல்லாம் ஒரு ஊரா? நாலு காசு சேர்ந்ததும் ஓடிடணும்.” தினமும் இதே பல்லவி. ஒருநாள் நடுவில், “ஆமா ஆயா, உங்களுக்குச் சொந்த ஊரு எது?” என்று கேட்டேன்.

“இதான்.”

“இல்ல, பூர்வீகமா?”

“இன்னாடா இது, இதாங்கிறேன். எங்க நைனா இங்க பொறந்தாரு, அவரு நைனாவும் இங்கதான். ட்ராம் வண்டி ஓடச்சொல்லோ எங்காத்தா இதே முனையில குந்திக்கினு இட்லி வித்துது.” கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏன் சாரு, ஒண்ணு கேக்கறேன். நான் உன் வூட்டுக்கு வந்து, உன் கையால துன்னுட்டு, உன் வூடு நாறுதுன்னு டெய்லி சொன்னா உனக்கு எப்டி இருக்கும்?”

நான் தலை நிமிரவில்லை. இலையில் மிச்சமிருந்த வடகறியை விரலால் வழித்துக்கொண்டிருந்தேன். பட்டணம் என்பது எவனுக்கும் சொந்தமில்லாத சத்திரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சத்திரத்துக்குள் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக அடுப்பு மூட்டியிருக்கிறது என்பது, தினம் இரண்டு வேளை அந்த அடுப்பில் தின்றும் எனக்குத் தெரியவில்லை.

1975-ல் எனக்கு மஞ்சள் காமாலை. என் கண்ணைப் பார்த்து முதலில் கண்டுபிடித்தது அவள்தான். பதினெட்டு நாள், விடியற்காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, அவள் மகன் மாடியேறிக் கொண்டுவந்து கொடுப்பான். அந்த நாட்களுக்குச் சுவரில் கோடு இல்லை. கேட்டதற்கு, “கரி தீந்து போச்சு” என்றாள். சிலப்பதிகாரத்தில், ஒரு சிலம்பை முதலாக நம்பி மதுரைக்குப் பிழைக்க வந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் கோட்டைக்கு வெளியே இடம் கொடுத்தவள் மாதரி, மோர் விற்கிற குடியில் வந்தவள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது அவளை யாரும் எனக்குப் பெரிதாகச் சொல்லித் தரவில்லை. பட்டணம் பிழைக்க வந்த எல்லோருக்கும் ஒரு மாதரி இருந்திருப்பாள். பிழைத்தபிறகு அவள் பெயரை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

நானும் பிழைத்தேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், 1992-ல் வேளச்சேரியில் கடன் வாங்கி ஒரு ஃபிளாட். 2009-ல் ஓய்வு பெற்ற அன்று ராத்திரி, முப்பத்தாறு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த வசனத்தை மனைவியிடம் எடுத்துவிட்டேன். “போதும், ஊருக்கே போயிடலாம்.” அவள் மோருக்குக் கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டே, “நீங்க போயிட்டு வாங்க” என்றாள். பிறகு விளக்கினாள். ஊரில் அவள் இன்னார் மருமகள், இன்னார் பெண்டாட்டி. இங்கே நூலகத்தில் அவள் பெயரில் ஒரு அட்டை இருக்கிறது, காய்கறிக்காரம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், சாயங்காலம் எங்கே போகிறாய் என்று திண்ணையிலிருந்து யாரும் கேட்பதில்லை. இத்தனை வருஷம் இதையெல்லாம் நான் அவளிடம் கேட்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். நான் மோர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஆயாவை விட்டுவிட்டேனே. நானும் அப்படித்தான் விட்டுவிட்டேன். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் கால்வாய்க் கரைக் குடிசைகளை எடுத்தார்கள். ஆக்கிரமிப்பு என்று பெயர். வேளச்சேரியில் பாதி, ஏரியும் சதுப்புமாக இருந்த இடம். 2015 டிசம்பரில் தண்ணீர் வந்து அதை எங்களுக்கு ஞாபகப்படுத்திவிட்டுப் போனது. ஆனால் என் வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறது, அதனால் அது ஆக்கிரமிப்பு இல்லை. ஆயா குடும்பத்தைத் துரைப்பாக்கம் தாண்டிக் கண்ணகி நகருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பழைய மேன்ஷன் வாட்ச்மேன் சொல்லித் தெரிந்தது. என் வீட்டிலிருந்து அது ஒன்றும் தூரம் இல்லை. “அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்கணும்” என்று மனைவியிடம் சொன்னேன். அந்த ஞாயிறு வர நாலு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கடைசியில் என்னைக் கிளப்பியது ஒரு செய்தி. மெரீனாவில் 1968-ல் வைத்த கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் அகற்றியிருந்தார்கள் அல்லவா, அதை 2006 ஜூனில் பழையபடி கடற்கரையிலேயே நிறுத்தினார்கள். பேப்பரில் படம் போட்டிருந்தது. சிலை திரும்பி வந்துவிட்டது என்று மனைவி படித்துச் சொன்னாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிளாக் பிளாக்காக விசாரித்துக்கொண்டு போனேன். ஆயா மாடிப்படி அடியில் உட்கார்ந்திருந்தாள். பார்வை மங்கியிருந்தது. குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, “காமாலை சாரா?” என்றாள். அந்தப் பெயரில்தான் நான் அவளுக்குள் இருந்திருக்கிறேன். கடை இல்லை. அடுப்பு போடலாம், ஆனால் இங்கே யார் மேன்ஷன் கட்டி வைத்திருக்கிறார்கள், வாங்கித் தின்ன? மகன் விடியுமுன்னே இரண்டு பஸ் மாறித் திருவல்லிக்கேணிக்குத்தான் வேலைக்குப் போகிறான், ராத்திரி திரும்புகிறான். வாங்கிப்போன ஆப்பிளை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“நீ கேப்பியே சாரு, சொந்த ஊரு எதுன்னு. இப்போ எனக்கும் ஒண்ணு வந்துடிச்சு பாரு” என்று சிரித்தாள்.

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். அவளே கேட்டாள். “ஊரு எப்டி கீது? சித்திரையில பார்த்தசாரதி கோயில் தேரு ஓடிச்சா? நம்ம முனைவரைக்கும் கூட்டம் நின்னுதா?”

நான் திருவல்லிக்கேணிப் பக்கம் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

“ஓடிச்சு ஆயா” என்றேன். “நல்ல கூட்டம்.”