மண்கும்பானில் ஓர் ஆடிப்பிறப்பு

பாலைவனத்தின் சாயலைக் காண அரபு நாட்டுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாண நகரிலே பேருந்து ஏறி மேற்கே சென்றால் போதும். கோட்டையைத் தாண்டியதும் பண்ணைக் கடல். இருமருங்கும் ஆழங்குறைந்த நீர். அதிலே வரிசையாக நாட்டிய களங்கண்ணித் தடிகள். மண்டைதீவுச் சந்தியும் அல்லைப்பிட்டியும் கழிந்தால் வருவது மண்கும்பான். பெயரைக் கேட்டவுடனே மணல் குவிந்த இடம் என்ற எண்ணம் தோன்றும். இறங்கிப் பார்த்தால் அந்த எண்ணம் பிழையன்று என்பது புலனாகும்.

அங்கே என் பெரியம்மா இருக்கிறார். ஆடி முதல் நாளன்று அவர் கையால் கூழ் குடிப்பதற்காகச் சென்றிருந்தேன். சோளகக் காற்று மணலை வாரி முகத்திலே எறிந்தது. பனைகளின் சலசலப்பைத் தவிர வேறு ஓசை இல்லை. படலையைத் திறந்ததும் பெரியம்மாவின் குரல் கேட்டது.

“வா மோனை, பலாவிலை கொண்டு வந்தனியோ? இல்லாட்டிக் கூழைக் கோப்பையிலேதான் குடிக்கவேணும்.”

நகரத்து வீட்டு முற்றத்திலே பறித்த இலைகளை நீட்டினேன். வறுத்த அரிசிமா, பயறு, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி, தேங்காய்ப் பால் யாவும் சேர்ந்த கூழ் அடுப்பிலே கொதித்துக்கொண்டிருந்தது. இலையைக் கோலி ஈர்க்கினாற் குத்தி, மொண்டு மொண்டு குடித்தோம். “கூழின் சுவை பனங்கட்டியிலே இல்லை, தண்ணீரிலே இருக்கு” என்றார் பெரியம்மா. அவர் அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. 1990ஆம் ஆண்டுப் போரிலே தீவை விட்டு ஓடி, ஊர் ஊராக அலைந்து, பல்லாண்டுகளுக்குப் பின் திரும்பியவர் அவர். கூரை இல்லாத வீட்டைப் பார்த்து அழுவதற்கு முன், கிணற்றை இறைப்பித்து ஒரு கை நீரை அள்ளிக் குடித்துப் பார்த்தாராம். நீர் உவர்க்கவில்லை. “இனி இருக்கலாம்” என்று அன்றைக்கே முடிவு செய்தாராம்.

பாடசாலையிற் படிக்கும் பேரப்பிள்ளை அருகே இருந்து கேட்டான்: “மாமா, சுற்றிவரக் கடல். எங்கள் கிணற்றிலே மட்டும் எப்படி நல்ல தண்ணீர்?”

நல்ல கேள்வி. யாழ்ப்பாணத் தீவுகளிலே ஆறில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டு முழுவதுக்கும் முதல். அந்த மழையை மணல் உறிஞ்சிக் கீழே இறக்குகிறது. நன்னீர் உப்புநீரைவிடப் பாரங் குறைந்தது. ஆகையால் உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும்.

இந்தக் கணக்கை 1888ஆம் ஆண்டில் எழுதியவர் படோன் கைபன் என்னும் ஒல்லாந்தப் பொறியியலாளர். 1901ஆம் ஆண்டில் ஹெர்ஸ்பெர்க் என்னும் ஜெர்மானியரும் அதனையே கண்டு சொன்னார். மண்கும்பான் அமைந்திருக்கும் வேலணைத் தீவுக்கும், முன்னாளிலே இதனை ஆண்ட ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரால் லைடன் என்று பெயரிட்டிருந்தனர். நூல் எதுவும் படியாத பெரியம்மாவோ இந்தக் கணக்கைத் தம் வாழ்க்கையிலே நடத்திவருகிறார். முகங் கழுவிய நீர் வாழைக்குப் போகிறது; அரிசி கழுவிய நீர் ஆட்டுக்குப் போகிறது. பொழுது பட்ட பின் எவரும் துலாவைத் தொடக்கூடாது. கிணறு இரவிலே ஊறவேண்டுமாம்.

வெயில் தாழ்ந்ததும் சாட்டிக் கடற்கரைக்கு நடந்தோம். வழியிலே ஆங்காங்கே மணல் அள்ளிய பள்ளங்கள் வாய் பிளந்து கிடந்தன. ஆற்று மணல் கிடையாத யாழ்ப்பாணத்திலே வீடு கட்டுவோருக்கு இவ்வூர் மணல் பெரும் வரப்பிரசாதம். “இந்தப் பள்ளத்தருகே இருந்த கிணறு இப்போது சவராகிப் போச்சு” என்றான் பையன்.

மணல் என்பது இங்கே வெறும் மண்ணன்று. மழையைத் தாங்கி வைக்கும் பாத்திரமே அது. பாத்திரத்தை எடுத்துச் சென்றுவிட்டால் தண்ணீர் எங்கே நிற்கும்? எவரோ அள்ளிச் சென்றவரைக் கடிந்து பேசத் தொடங்கினேன். பெரியம்மா சிரித்தார்.

“உன்ர வீட்டுச் சுவரும் இந்த மண்தானே மோனை.”

உண்மைதான். இருபது ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டியபோது, மண்கும்பான் மணல் வேண்டும் என்று கேட்டு வாங்கியவன் நானே. அது எந்தக் கிணற்றங்கரையிலே அள்ளப்பட்டது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. மேலே ஒன்றும் பேசாமல் நடந்தேன்.

பேருந்து ஏறும்போது ஒரு போத்தலிலே கிணற்று நீரை நிரப்பிக் கையிலே தந்தார். “உங்கட ஊர்த் தண்ணீர் கல்லுத் தண்ணீர். இதைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடு” என்றார். இரவு வீட்டிலே பிள்ளைகளுக்கு ஆளுக்குக் கால் குவளை வார்த்துக் கொடுத்தேன். இனிக்கிறது என்றார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதையும், நம் வீட்டுச் சுவர் எங்கிருந்து வந்தது என்பதையும் அன்றிரவே அவர்களுக்குச் சொல்லிவைத்தேன்.