நீரோட்டம் பார்க்கும் கருவியும் மண்ணுக்குள் கிடக்கும் ஊரும்

தர்மபுரிப் பக்கம் போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்க ஆள் கூப்பிடாத விவசாயிகள் குறைவு. வருபவர் கொல்லையில் வரிசையாக நான்கு கம்பிகளை நடுவார். வெளிக்கம்பிகள் வழியே கரண்ட் விட்டு, உள்கம்பிகளில் அளவு எடுப்பார். ஈரமண் கரண்டை எளிதில் விடும், பாறை தடுக்கும். அதை வைத்துத்தான் பாயின்ட் குறிக்கிறார்.

இதே முறையில்தான் தொல்லியல்காரர்களும் மண்ணுக்குள் தேடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆழத்துத் தண்ணீர் அல்ல, சில அடி ஆழத்தில் புதைந்த சுவரும் கல்லறையும். காந்தமானி என்ற கருவி சூளையையும் இரும்பு உருக்கிய உலையையும் காட்டும். தீயில் வெந்த மண் காந்தத்தன்மையைப் பிடித்து வைத்திருக்கும். தரையை ஊடுருவும் ரேடார் காய்ந்த மணலில் நன்றாகப் பார்க்கும், ஈரக் களிமண்ணில் திணறும். ட்ரோன் மேலிருந்து பயிரைப் பார்க்கும். புதைந்த சுவரின் மேல் நிற்கும் பயிர் வறட்சியில் முதலில் வாடும். தூர்ந்துபோன பழைய பள்ளத்தின் மேல் பச்சை நீடிக்கும். ராகிக் கொல்லையில் ஒரு பட்டை மட்டும் ஏன் குட்டையாக நிற்கிறது என்று வரப்பில் நின்று யோசிக்கும் விவசாயி பார்ப்பதும் இதைத்தான்.

கீழடியில் ரேடார், காந்தமானி, ட்ரோன் மூன்றையும் வைத்து ஆய்வு நடந்தது. தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்துப் பெரும்பாலையில் 2022-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. 2004 வரை இதே மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் மயிலாடும்பாறையில், இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று அதே 2022-ல் அறிவிக்கப்பட்டது. உழும்போது கொழுவில் தட்டும் இரும்புக் கசடு வெறும் கல் அல்ல.

ஆனால் எந்தக் கருவியும் 'இங்கே மண் வேறாக இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். என்ன பொருள், எந்தக் காலம் என்பதைத் தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஜேசிபி ஒருமுறை மேட்டைச் சமப்படுத்திவிட்டால் மண்ணடுக்குகள் கலந்துபோகும். பிறகு எந்த ரேடார் வந்தும் பயனில்லை.

தாழி கிடைத்ததும் பலர் சத்தமில்லாமல் மூடிவிடுவது, நிலம் போய்விடுமோ என்ற பயத்தில்தான். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கீழடித் தென்னந்தோப்பில் தோண்டிய பல குழிகள் ஆய்வு முடிந்ததும் மண் போட்டு மூடப்பட்டன. புதையலைப் பொறுத்தவரை 1878-ம் ஆண்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது: 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், மறைப்பதுதான் குற்றம்.

கல்வட்டமோ, தாழியோ, கசடுக் குவியலோ தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். கருவி வருவதற்கு முன்பே அந்த மண்ணைத் தினமும் பார்ப்பவர் விவசாயிதான்.