டயரில் இருக்கும் இலக்கம்



நேற்றைய சைக்கிள் ஓட்டப் போட்டியில் எங்கள் மாணவனுக்கு ஐந்தாம் இடம். "சேர்மார்தான் புள்ளைட வெற்றியைக் கெடுத்துட்டாங்க" என்று ஊருக்குள் ஒரு கதை. நடந்ததை நாங்களே சொல்லிவிடுகிறோம்.

ஆசிரியர்கள் மூன்று பேர் சேர்ந்து, ஸுபஹுக்குப் பிறகு பிள்ளைகளைப் பழக்குகிறோம். இது மூன்று போட்டிகள் கொண்ட தொடர். புள்ளிகளைக் கூட்டித்தான் கிண்ணம். எங்கள் பிள்ளைகள் ஓடுவது சாதாரண சைக்கிள் பிரிவில். அதன் விதி: டயர் 28 × 1½ ஆக இருக்க வேண்டும்.

முதல் போட்டியில் அவன் மூன்றாம் இடம். இரண்டாவதற்கு நான்கு நாள் இருக்கும்போது, மெல்லிய டயர் போட்ட இரண்டு சில்லுகளோடு வந்தான். கட்டாரில் இருக்கும் வாப்பா காசு அனுப்பி வாங்கிக் கொடுத்தாராம். பழக்க ஓட்டத்தில் பறந்தான். மறைக்க என்ன இருக்கிறது, எங்களுக்கும் ஆசை வந்தது. ஆரம்பக் கோட்டில் யாரும் டயரைப் பார்ப்பதில்லை.

"மத்த ஆக்களும் போடுவாங்கதானே சேர்?" என்றான்.

டயரின் பக்கத்தைத் துடைத்துப் பார்த்தோம். 25-622 என்று இருந்தது. பழைய டயரில் 40-635. முதல் இலக்கம் டயரின் அகலம். அடுத்தது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில். விட்டம் 13 மில்லிமீற்றர் குறைந்தால் ரிம் பிரேக் கட்டையை விட்டு 6½ மில்லிமீற்றர் விலகும். முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தோம். கட்டை ரிம்மில் சரியாகப் படாமல் டயரில் உரசியது. அப்படியே ஓடினால் டயரின் பக்கம் தேய்ந்து வெடிக்கலாம்.

இன்னொன்றும் இருந்தது. அதே பிரிவில், வாப்பா மீன் விற்கும் சைக்கிளில் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடும் பிள்ளையும் எங்களிடம்தான் படிக்கிறான். அந்த விதி அவனுக்காகத்தான். ஓட்டத்தில் காலைத்தான் அளக்க வேண்டும், வீட்டுக் காசை அல்ல.

சில்லுகளைக் கழற்றச் சொன்னோம். அழுதுவிட்டான்.

விதி அளவை மட்டும்தான் கட்டிப் போடுகிறது. மிச்சம் எங்கள் கையில். அவனுடைய பழைய பின் டயரில் நூல் தெரிந்தது. சைக்கிள் கடை நானா அதே அளவில் இரண்டு புது டயர் கடனுக்குத் தந்தார். தார் றோட்டுக்குப் பெரிய கட்டைப் பூ தேவையில்லை என்று, நடுவில் தொடர்ச்சியாக வரி ஓடும் டயரைத் தெரிவு செய்தோம். பிறகு காற்று. கல்லாக அடித்தால்தான் வேகம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாலத்து இறக்கத்தில் மிதிக்காமல் உருளவிட்டுப் பார்த்தோம். எங்கள் சொரசொரப்பான றோட்டில், கொஞ்சம் குறைத்து அடித்தபோதுதான் சைக்கிள் துள்ளாமல் தூரம் போனது. டயரில் போட்டிருக்கும் உச்ச அளவை ஒருபோதும் தாண்டவில்லை.

ஐந்தாம் இடம்தான். ஆனால் அது அவனுடைய ஐந்தாம் இடம். அந்தச் சில்லுகள் அவன் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. றேஸ் சைக்கிள் பிரிவுக்குப் போகும் நாளில், அதற்குரிய சைக்கிளில் பூட்டலாம்.

ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: மூன்றாவது போட்டியில் ஆரம்பக் கோட்டிலேயே எல்லாருடைய டயர் இலக்கத்தையும் பாருங்கள். எங்கள் பிள்ளைகளுடையதை முதலில் பாருங்கள். பெற்றோரே, காசு கொடுக்க முன் அந்த இலக்கத்தை வாசியுங்கள்.

மூன்றாவது போட்டியில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.