இறங்காத ஆயில்

என் காரின் இன்ஜினைக் கெடுத்தது நான்தான். யார் மீதும் பழி போட முடியாது. எச்சரித்த ஒருவரும் இருந்தார். அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

அது செகண்ட் ஹேண்டில் வாங்கிய மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆயில் கருகும் வாடை வரும். பானெட்டைத் திறந்தால், இன்ஜின் ஹெட்டை மூடும் டாப்பெட் கவரின் ஓரத்தில் கசிந்த ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங் வெறும் ரப்பர்தான். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் இறுகிப்போகும், அமுங்கி நிமிரும் தன்மை போய்விடும். ஒர்க்‌ஷாப்பில் அதை மாற்றச் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் கசிந்தது.

இந்த முறை நானே இறங்கினேன். அந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பல இன்ஜின்களில் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். நானோ நீளக் கைப்பிடி ஸ்பேனரில் முழுப் பலத்தையும் போட்டேன். பேக்கிங் நசுங்கியது. தகட்டுக் கவர் போல்ட் இருந்த இடங்களில் குழிந்து, நடுநடுவே தூக்கிக்கொண்டது. கசிவு கூடியது. பிறகு சிலிக்கோன் பசையை வாங்கி, விளிம்பு முழுக்கத் தாராளமாகப் பிதுக்கி மூடினேன். கசிவு முழுசாக நிற்காவிட்டாலும் வெளிப்பக்கம் சுத்தமானது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கசிந்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றிக்கொண்டே வந்ததால், பழையதை முழுசாக வடித்து மாற்றுவதையும் தள்ளிப்போட்டேன். அடிக்கடி புதுசு சேர்கிறதே என்ற நினைப்பு.

டயருக்குக் காற்றடிக்கப் போன இடத்தில், பக்கத்து ஷெட்டில் இருந்த வயதான மெக்கானிக் ஒருவர் வாடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

“ஆயில் கீழ எறங்குதா சார்? மொதல்ல அதப் பாக்கணும். மொட்டை மாடியில தண்ணி போற ஓட்டை அடைச்சிக்கிட்டா செவுத்துல ஓதம் வரும்ல? நீங்க செவுத்தப் பூசிக்கிட்டே இருக்கீங்க.”

அவசரம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், விராலிமலை தாண்டியதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரங்கட்டி, டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் குறைந்திருந்தது. கையிலிருந்த டப்பாவை ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தேன். விளக்கு அணையவில்லை. அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று ஓட்டினேன். ஹெட்டிலிருந்து டக டகவென்ற சத்தம் வந்தது, பிறகு உள்ளே உலோகம் உரசும் சத்தம். அதற்குப் பிறகுதான் நிறுத்தினேன்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து அதே மெக்கானிக்கின் ஷெட்டில் விட்டோம். மறுநாள் காலை அவர் டாப்பெட் கவரைக் கழற்றினார். என் சிலிக்கோன் நீள நீளமாகப் பிய்ந்து வந்தது. உள்ளே, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஆயில் இன்னும் தேங்கிக் கிடந்தது. பம்ப் மேலே ஏற்றிய ஆயில் கேம்ஷாஃப்ட்டை நனைத்துவிட்டு, ஹெட்டில் உள்ள துளைகள் வழியாகத் தன் கனத்திலேயே அடியில் இருக்கும் சம்புக்கு இறங்க வேண்டும். அந்தத் துளைகள் எங்கே என்றே தெரியவில்லை. கறுப்புக் கசடு மூடியிருந்தது. அவர் ஒரு கம்பியை விட்டு மெதுவாகக் குத்தினார். தேங்கிய ஆயில் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சம்பைக் கழற்றி, ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையை என் கையில் கொடுத்தார். கசடோடு சேர்ந்து அதை அடைத்திருந்தது நான் பூசிய சிலிக்கோனின் துணுக்குகள். வெளியே பிதுங்கிய அளவுக்கு உள்ளேயும் பிதுங்கி, பிய்ந்து விழுந்திருக்கிறது.

பி.சி.வி. வால்வும் கசடில் ஒட்டிப்போயிருந்தது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே வரும் வாயுவை மறுபடி இன்ஜினுக்குள் இழுத்து எரிக்க வைப்பது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, இளைத்த பேக்கிங் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். முதலில் மாற்றிக் கொடுத்த புதுப் பேக்கிங் நிற்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. அது நேராக அலுமினிய ஹெட்டிலேயே சுழல்வதால் ஹெட்டும் போயிற்று. கிராங்க் பேரிங்குகளையும் மாற்ற வேண்டியிருந்தது. காரை வாங்கிய விலையில் பாதிக்கு மேல் செலவானது.

இப்போது ஆயிலைக் கணக்காக மாற்றுகிறேன். மாற்றும் அன்றைக்கு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் கசடு இருக்கிறதா என்று பார்ப்பேன். பி.சி.வி. வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். சமீபத்தில் கவர் ஓரம் லேசாக ஈரமானது. கழற்றிப் பார்த்தோம், துளைகள் திறந்திருந்தன, வால்வும் சத்தம் கொடுத்தது. பேக்கிங்தான் இறுகியிருந்தது. அதை மட்டும் மாற்றினோம்.